கடல் பாதி, கை பாதி

நியூகாசிலில் புறப்பட்டு மிடில்ஸ்பரோ நோக்கிப் போகும் ரயில், சண்டர்லாந்தைத் தாண்டியதும் வட கடலை இடப்புறம் வைத்துக்கொண்டு ஓடுகிறது. அடுத்த நிறுத்தம் சீயம். நம் காதுக்குச் சிங்கத்தின் பழம்பெயராகவும், பூரணம் வைத்துச் சுடும் பலகாரத்தின் பெயராகவும் கேட்கும் இந்த ஊர், இங்கிலாந்தின் டர்ஹம் கடற்கரையில் நிலக்கரி ஏற்றுமதிக்காக 1828இல் துறைமுக வேலை தொடங்கி எழுந்த ஊர். இன்று இங்கே சுரங்கம் எதுவும் இயங்கவில்லை. ரயிலைவிட்டு இறங்குகிறவர்களில் பலர் வருவது வேறொன்றுக்காக. சுண்ணாம்புப் பாறைச் சரிவின் அடியில் நீளும் கூழாங்கல் கரையில், கடல் வற்றும் நேரம் பார்த்து, குனிந்த தலை நிமிராமல் நடப்பார்கள். தேடுவது கண்ணாடி. அலையில் உருண்டு உருண்டு கூர் மழுங்கி, பனி படிந்தாற்போல் மங்கிய கண்ணாடித் துண்டுகள். பெரும்பாலோர் பொறுக்கியதைச் சாடியில் இட்டு ஜன்னலோரம் வைத்து மகிழ்கிறார்கள். சிலர் கம்பி சுற்றிப் பதக்கமாக்குகிறார்கள். மிகச் சிலர் மட்டும் கட்டைவிரல் பருமனுள்ள துண்டு ஒன்றை எடுத்து, வைரத்தூள் பூசிய முனையால் தேய்த்துத் தேய்த்து, அதில் ஒரு கடல்நாயையோ உறங்கும் பறவையையோ வெளிக்கொண்டு வருகிறார்கள். இந்த மூன்றாம் வகையினர்மேல் முதல் வகையினருக்கு நெடுநாள் கோபம் உண்டு. கடல் செய்து முடித்ததில் மனிதக் கை எதற்கு என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி, இந்தக் கண்ணாடி எங்கிருந்து வந்தது என்பதை மறந்ததால் வருவது. செதுக்கலாம் என்பதே என் கட்சி; ஆனால் ஒரு நிபந்தனையோடு. கடல் கொடுத்த தோல் அந்தத் துண்டின் மேல் மிஞ்ச வேண்டும்.

கண்ணாடி எங்கிருந்து வந்தது என்பதற்குச் சண்டர்லாந்திலிருந்தே தொடங்க வேண்டும். வியர் ஆற்றின் முகத்துவாரத்தில், மங்க்வியர்மத்தில், 674இல் மடாலயம் எழுப்பிய பெனடிக்ட் பிஸ்காப், ஜன்னல்களுக்குக் கண்ணாடி போடத் தெரிந்தவர் உள்ளூரில் இல்லாததால் கால் நாட்டிலிருந்து, அதாவது இன்றைய பிரான்ஸ் பகுதியிலிருந்து, கண்ணாடி வினைஞர்களை வரவழைத்தார். அந்த மடத்தில் வளர்ந்த துறவி பீட் இதை எழுதிவைத்திருக்கிறார். பல நூற்றாண்டுகள் கழித்து இதே வட்டாரம் மறுபடியும் கண்ணாடிக்குப் பேர்போனதற்குக் காரணம் பக்தியல்ல, நிலக்கரி. உலைக்கு மலிவான கரி காலடியில் கிடைத்தது. கரி ஏற்றிப்போன கப்பல்கள் திரும்பும்போது பாரத்துக்காக மணலை நிரப்பி வந்தன. எரிபொருளும் மூலப்பொருளும் ஒரே துறைமுகத்தில் கூடின. ஜான் காண்டிலிஷ் என்ற தொழிலதிபர், பின்னாளில் சண்டர்லாந்தின் நாடாளுமன்ற உறுப்பினரானவர், 1853இல் சீயம் துறைமுகத்தருகே புட்டித் தொழிற்சாலையைத் தொடங்கினார். லண்டன்டெரி புட்டி ஆலை என்று பெயர்பெற்ற அது, நாட்டின் மிகப் பெரிய புட்டி ஆலைகளில் ஒன்றாக வளர்ந்து, 1921இல் மூடப்பட்டது. உலையடியில் ஒருவர் குழலில் பாகைத் திரட்டி எடுப்பார், அடுத்தவர் ஊதுவார், மூன்றாமவர் கழுத்தை முடித்துக்கொடுப்பார், ஒரு சிறுவன் சூடு ஆறாத புட்டியை ஏந்தி ஆறவைக்கும் அடுப்புக்கு ஓடுவான். உடைந்ததும் கோணியதும், நாள் முடிவில் பானையடியில் எஞ்சிய பாகும் கடலில் கொட்டப்பட்டன. ஏறத்தாழ 70 ஆண்டுகள் கொட்டியதைத்தான் இன்றும் அலை திருப்பித் தந்துகொண்டிருக்கிறது.

கரையில் கிடைப்பவற்றில் பல, புட்டியின் துண்டுகளே அல்ல என்பதை இங்கே குறிப்பாகச் சொல்ல வேண்டும். அவை பாகின் கட்டிகள். எந்த வடிவத்துக்கும் வராமல் உறைந்தவை. சிலவற்றில் பச்சைக்குள் நீலமும் வெள்ளையும் இழையோடும். இரண்டு மூன்று நிறப் பாகுகள் ஒட்டி உறைந்த அத்தகைய துண்டை இங்கே 'மல்டி' என்கிறார்கள், அதற்குத்தான் மவுசு அதிகம். நிறமும் தொழிற்சாலையின் கைவண்ணம்தான். மணலில் இருந்த இரும்பு பச்சை தரும், கோபால்ட் நீலம் தரும், நிறம் போக்கச் சேர்த்த மாங்கனீசு நெடுங்காலம் வெயில் பட்டால் மெல்லிய ஊதாவாக மாறும். கடல் சேர்த்தது நிறமல்ல, மேற்பரப்பு மட்டுமே. கூழாங்கல்லோடு மோதும்போதெல்லாம் கண்ணாடியில் நுண்ணிய குழி விழுகிறது; உருப்பெருக்கியில் பார்த்தால் பிறை பிறையாகத் தெரியும். இன்னொரு பக்கம், நீர் கண்ணாடியிலுள்ள சோடியத்தை மெல்லக் கரைத்தெடுத்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறது. ஒளி அந்தக் குழிகளில் பட்டுச் சிதறுவதால்தான் துண்டு பால் பூத்தாற்போல் தெரிகிறது. நனைத்தால் நீர் குழிகளை நிரப்பிச் சிதறலைக் குறைக்கும், உள்ளே வரை பார்க்கலாம். காய்ந்ததும் திரை மறுபடி விழும்.

இந்த நனைவும் காய்வும் செதுக்குகிறவருக்கு ஒரு பெரிய வாய்ப்பு. ஒரே கல்லில் அவருக்கு இரண்டு பரப்புகள் கிடைக்கின்றன. ஒன்று கடலின் மங்கல், மற்றது அவர் கையின் மெருகு. மங்கிய உடலில் இரண்டு சிறு குழிகளை மட்டும் கண்ணாகக் குடைந்து பளபளக்கத் தேய்த்தால், ஒளி அந்த இரண்டு வழியாக மட்டும் தெளிவாக உள்ளே புகும். சாயம் எதுவும் வேண்டாம். சலவைக்கல்லிலோ மரத்திலோ இந்த வசதி இல்லை. புதுக் கண்ணாடியிலும் இல்லை, அங்கே எல்லாமே பளபளப்பு. அதனால்தான் தோலை முழுக்கச் சீவி எடுத்துவிட்டு உருவத்தை மட்டும் நிறுத்தும் வேலையை நான் ஏற்கவில்லை. அப்படிச் செய்த கடல்நாய் சீயம் கரையிலிருந்து வந்ததா, கடையில் வாங்கிய கண்ணாடிக் கட்டியிலிருந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு கரைவரை நடந்தது எதற்கு?

மனிதக் கை கூடாது என்பவர்களின் வாதத்துக்கு வருவோம். கடல் ஒரு சிற்பி, குப்பையை எடுத்து மணியாக்கித் தருகிறது, அதன் வேலையை மதித்து அப்படியே விட வேண்டும் என்கிறார்கள். அழகான நம்பிக்கை. அதைச் சோதித்துப் பார்க்கச் சீயத்திலேயே இடம் இருக்கிறது. துறைமுகத்தைத் தாண்டித் தெற்கே நடந்தால் கெமிக்கல் பீச் என்று பெயர் கொண்ட கரை வருகிறது. பழைய ரசாயனத் தொழிற்சாலை விட்டுச்சென்ற பெயர். அதற்கப்பால் நோசஸ் பாயின்ட் முனை, அதைச் சுற்றினால் பிளாஸ்ட் பீச். டாடன் சுரங்கத்தின் கழிவு பல பத்தாண்டுகள் இங்கே கடலோரம் கொட்டப்பட்டது. 'ஏலியன் 3' படத்தின் தொடக்கத்தில் வேற்றுக்கிரகத்தின் பாழ்நிலமாகக் காட்ட இந்தக் கரையைத்தான் தேர்ந்தார்கள் என்றால் நிலைமையை ஊகிக்கலாம். சுரங்கம் 1991இல் மூடிய பிறகு, 1997 முதல் 2002 வரை 'டர்னிங் த டைட்' என்ற திட்டத்தின்கீழ் பெருஞ்செலவில் இந்தக் கடலோரத்தைத் துப்புரவு செய்தார்கள். அப்போதும் முழுதும் போகவில்லை. கழிவு இறுகிய கரும்படலம் கரையில் தங்கி, அலை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருக்கிறது. ஒரே ஊர், ஒரே கடல், ஒரே அலை. கண்ணாடி மணியானது, சுரங்கக் கழிவு மணியாகவில்லை. ஆக, கடல் எதையும் அழகாக்கும் என்பது உண்மையல்ல. நீரில் எளிதில் கரையாத, ஒரே சீரான, கூழாங்கல்லின் தேய்ப்பைத் தாங்கும் பொருள் என்பதால் கண்ணாடி தப்பியது. அந்தச் சீர்மையைத் தந்தது உலையும் உலையடியில் நின்றவர்களும். கரையில் கிடைக்கும் துண்டை இயற்கையின் ரத்தினம் என்று அழைப்பது அந்தத் தொழிலாளிகளை ஒருமுறை மறப்பது. அதில் கை படக் கூடாது என்பது இரண்டாம் முறை மறப்பது. ஏற்கெனவே கை பட்ட பொருள் அது. அதன் தொடக்கமே கைதான்.

கண்டெடுத்த கண்ணாடியைச் செதுக்குவது புதுப்பழக்கமும் அல்ல. துட்டன்காமனின் கல்லறையிலிருந்து கிடைத்த மார்புப் பதக்கம் ஒன்றின் நடுவே மஞ்சள் கலந்த பச்சையில் ஒரு வண்டு இருக்கிறது. கல்லறையை 1922இல் கண்டறிந்த ஹோவர்ட் கார்ட்டர் அதைச் சால்செடனி என்ற கல்லாகக் குறித்துவைத்தார். அது கல்லல்ல, கண்ணாடி என்பது 1990களில் இத்தாலிய ஆய்வாளர்களால் தெரியவந்தது. எகிப்து–லிபியா எல்லையின் மணற்கடலில் சிதறிக் கிடக்கும், சுமார் 2.9 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான இயற்கைக் கண்ணாடி. மணலும் காற்றும் தேய்த்து வைத்திருந்ததை யாரோ பொறுக்கி, பல நூறு கிலோமீட்டர் கடந்து நைல் கரைக்குக் கொண்டுவந்து, அரசனுக்கு வண்டாகச் செதுக்கியிருக்கிறார்கள். இயற்கையே செய்த கண்ணாடியைக்கூடத் தீண்டத் தகாததாக அவர்கள் நினைக்கவில்லை. லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள லைகர்கஸ் கிண்ணம், 4ஆம் நூற்றாண்டின் ரோமானிய வேலை. தடித்த ஒரே கண்ணாடிக் கலத்திலிருந்து உருவங்கள் கிட்டத்தட்ட விடுபட்டு நிற்கும்படி தேய்த்தே எடுக்கப்பட்டது. ஆறிய கண்ணாடியைக் கல்லைப்போல் நடத்தும் மரபு மிக நீண்டது. எகிப்தியரும் ரோமானியரும் மேல்தோலை மிச்சம் வைக்கவில்லையே என்று கேட்கலாம். அவர்களுக்கு அந்தத் தோல் ஒரு சான்றாக வேண்டியிருக்கவில்லை. சீயம் துண்டின் தோல், ஆலை மூடி நூறாண்டு கடந்த பின்னும் அலையில் அது கிடந்த காலத்தின் ஒரே பதிவு. அதனால் அவர்களிடமிருந்து துணிச்சலைக் கற்கலாம், முழுமையாகச் சீவுவதை அல்ல.

இங்கே நாம் சொல்லும் செதுக்கல், உண்மையில் செதுக்கலே அல்ல. உளியை வைத்துத் தட்டினால் கண்ணாடி சிப்பி வடிவில் சில்லாகத் தெறிக்கும். எங்கே தெறிக்கும் என்பது தட்டியவர் கையில் இல்லை. கல்தச்சரின் பட்டறையைவிட, பட்டை தீட்டுகிறவரின் சாணைக்கு நெருக்கமான வேலை இது. மோஸ் அளவில் கண்ணாடியின் கடினம் சுமார் 5.5, சிலிக்கான் கார்பைடு 9க்கு மேல், வைரம் 10. எனவே வைரத்தூள் ஒட்டிய சிறு முனைகளை மோட்டாரில் பொருத்தி, நீருக்கடியிலோ நீர் சொட்டச் சொட்டவோ, மெதுவான வேகத்தில் தொட்டுத் தொட்டு எடுக்கிறார்கள். அழுத்தக் கூடாது. அழுத்தினால் அந்த ஒரு புள்ளி சூடேறும், சுற்றிலும் குளிர்ந்திருக்கும், விரிசல் ஓடும். நீர் இருக்குமிடத்தில் வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் கருவியைக் கையில் பிடிப்பது உயிருக்கு ஆபத்து. பேட்டரியில் ஓடுவது, அல்லது மோட்டாரை உயரத்தில் தொங்கவிட்டு வளையும் தண்டு மட்டும் கீழே வருமாறு அமைத்தது நல்லது. உலர்ந்த தூள் நுரையீரலுக்குப் போகக் கூடாது என்பதாலும் நீர் கட்டாயம். முகக்கவசமும் கண்ணுக்குக் கண்ணாடியும் சேர்த்தே கட்டாயம். பிறகு நுண்ணிய தூள்களால் படிப்படியாக மெருகு. கட்டைவிரல் அளவு உருவம் ஒன்றுக்கே பல மாலைகள் போய்விடும்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் பழைய சோடா புட்டியையோ மது புட்டியையோ உடைத்துச் செதுக்கலாமே என்பவர்களும் உண்டு. புட்டியின் சுவர் சில மில்லிமீட்டர் கனம்தான். வளைந்த தகடு அது. அதில் கோடு கீறலாம், உருவம் எடுக்க முடியாது. சீயத்தின் பாகுக் கட்டிகளுக்கு எல்லாப் பக்கமும் உடம்பு உண்டு. ஆனால் அந்தக் கட்டிகளுக்கு ஒரு பிறவிக் குறையும் உண்டு. விற்பனைக்குப் போகும் புட்டியை அடுப்பில் வைத்து மெல்ல ஆறவிடுவார்கள். வீசியெறியும் பாகை யார் அப்படி ஆறவைப்பார்? வெளிப்புறம் முதலில் இறுகி, உள்ளே இழுவிசை தங்கிவிடும். பலவற்றைக் கடல் ஏற்கெனவே உடைத்துப் பார்த்துவிட்டது, அந்த வகையில் கரையில் எஞ்சியது தேறியதுதான். இருந்தாலும் தடித்த கட்டிகளில் அந்த இழுவிசை ஒளிந்திருக்கும், முனை பட்டதும் பிளக்கும். இதை முன்கூட்டி அறிய எளிய வழி இருக்கிறது. மடிக்கணினித் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதன் முன்னே நீர் நிரம்பிய கிளாசில் துண்டை இட்டு, போலராய்டு குளிர்கண்ணாடி வழியே பார்க்க வேண்டும். குளிர்கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் திரை இருண்டுவிடும். அந்த இருட்டில் துண்டின் எந்தப் பகுதி ஒளிர்கிறதோ அங்கே இறுக்கம் இருக்கிறது. அப்படிப்பட்டதைச் சாடியிலேயே விட்டுவிடலாம், அது அப்படியே அழகாகத்தான் இருக்கும்.

எதிர்ப்பவர்கள் பக்கத்தில் இருக்கும் பாதி நியாயம் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்: சில துண்டுகள் ஆவணங்கள். எழுத்துப் புடைத்த புட்டியடி, கையால் முடித்த கழுத்து, அச்சின் தடம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு துண்டின் காலத்தையும் பிறந்த ஆலையையும் கணிக்கலாம். அதில் முனையை வைப்பது ஏட்டின் ஓரத்தைக் கத்தரித்துப் பொம்மை செய்வதற்குச் சமம். இங்கிலாந்தின் கரைகளில் ஒதுங்கும் கண்ணாடிக் கோலிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் காப்புரிமை பெற்ற புட்டியின் கழுத்தில், வாயுவின் அழுத்தத்தால் மேலெழும்பி வாயை அடைக்க ஒரு கோலி இருந்தது. நம் ஊர் கோலி சோடா அந்தக் காட் புட்டியின் நேர் வாரிசு. அங்கே சிறுவர்கள் கோலிக்காகப் புட்டியை உடைத்தார்கள், புட்டிகளே வழக்கொழிந்தன, நம் ஊரில் அது இன்னமும் 'பொக்' என்று திறக்கிறது. மங்கிய கோலி ஒன்று கரையில் கிடைத்தால், உருண்டையாக இருக்கிறதே, ஒரு முகம் குடைந்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். அது தன் கதையை முழுதாகச் சொல்கிறது. பெயரும் வடிவமும் இல்லாத பாகுக் கட்டிதான் சிற்பத்துக்குரியது.

எடுப்பதே தகுமா என்பது இன்னும் கடினமான கேள்வி. கலிபோர்னியாவின் ஃபோர்ட் பிராக் ஊரில் 1906 தொடங்கி 1967 வரை ஊர்க் குப்பையைக் கடலோரப் பாறைகளில் கொட்டினார்கள். குப்பை மக்கியும் அகற்றப்பட்டும் போக, கண்ணாடி மட்டும் தங்கி, அந்தக் கரை கிளாஸ் பீச் ஆனது. 2002இல் அது மெக்கரிச்சர் மாநிலப் பூங்காவோடு சேர்ந்தது. பூங்கா எல்லைக்குள் கண்ணாடி எடுக்கத் தடை. வருகிறவர் ஆளுக்கொரு பிடி அள்ளினாலே கரை காலியாகிவிடும் என்பது உண்மை. சீயத்திலும் ஆலை போய் நூறாண்டு ஆகிவிட்டது, புதிதாகக் கண்ணாடி வரப்போவதில்லை, வரவும் கூடாது. ஆனால் இந்தக் கணக்கில் கரையைக் காலி செய்கிறவர் யார்? வாளியோடு வந்து நிறவாரியாகப் பிரித்துக் கிலோக்கணக்கில் சேர்ப்பவரா, ஒரே ஒரு கட்டியோடு பல மாலைகள் அமர்ந்திருப்பவரா? சேகரிப்புக்கு முடிவு கிடையாது, அடுத்த துண்டு எப்போதும் இன்னும் நல்லதாக இருக்கும். தேய்க்கும் வேலைக்கு நேரம் ஓர் அளவை வைத்துவிடுகிறது. ஆண்டுக்குப் பத்து உருவம் முடித்தால் பெரிது, அதற்குப் பத்துக் கட்டி போதும். தடை உள்ள கரையில் ஒன்றுகூட எடுக்கக் கூடாது என்பதில் இரண்டாம் பேச்சில்லை. தடையில்லாத இடத்தில், மிகக் குறைவாக எடுக்கிறவர் செதுக்குகிறவர்தான்.

என்ன உருவம் என்பதைக் கட்டியே பெரும்பாலும் தீர்மானித்துவிடும். ஜப்பானில் எடோ காலத்தில் இடுப்புப் பட்டையில் பையைத் தொங்கவிடப் பயன்பட்ட நெட்சுகே என்ற சின்னஞ்சிறு சிற்பங்கள் இதற்கு நல்ல பாடம். துணியில் சிக்கக் கூடாது, உடையக் கூடாது என்பதால் காலும் வாலும் நீட்டிக்கொண்டிராது. எலி தன் வாலைத் தானே சுற்றிப் படுத்திருக்கும். கண்ணாடிக்கும் நீட்டல் ஆகாது. சுருண்ட பூனை, கழுத்தை இறகில் புதைத்த வாத்து, பாறையில் சரிந்த கடல்நாய், கூட்டுக்குள் ஒடுங்கிய நத்தை போதும். முதுகு முழுதும் கடலுக்கு. மூக்கு, கண், மடக்கிய துடுப்பின் கோடு மட்டும் கைக்கு. பரப்பில் பத்தில் ஒன்றைத் தொட்டாலே தாராளம்.

சீயத்தின் கடலோரப் புல்வெளியில் அமர்ந்திருக்கும் போர்வீரன் சிலை இதே முறைக்கு உருப்பெருத்த சாட்சி. ரே லான்ஸ்டேல் உருக்குத் தகடுகளால் செய்தது. முதல் உலகப்போர் ஓய்ந்த முதல் நிமிடத்தைக் குறிக்க 1101 என்று பெயர், ஊரில் எல்லாருக்கும் 'டாமி'. 2014இல் சில மாதங்களுக்கென்று வைக்கப்பட்டதை, ஊர் மக்கள் சுமார் ஒரு லட்சம் பவுண்டு திரட்டி நிரந்தரமாக நிறுத்திக்கொண்டார்கள். அதன் உருக்கு, துரு தானே படிந்து காப்பாகும் வகையைச் சேர்ந்தது. உப்புக் காற்றும் மழையும் தந்த செம்பழுப்பு அந்த வீரனின் தோல். அதன்மேல் வண்ணம் பூசவில்லை. குனிந்த தலையும் தளர்ந்த கையும் சிற்பியுடையவை, மேனி வானிலையுடையது. இரண்டில் எதையாவது கழித்துவிட்டுப் பார்த்தால் அந்தச் சிலை இல்லை.

கடைசியாகக் கையெழுத்து. செதுக்கி முடித்தவர்கள் அடிப்பக்கத்தைத் தட்டையாகத் தேய்த்துத் தங்கள் பெயரின் முதலெழுத்தைப் பொறிப்பது உண்டு. உருவத்துக்காக விட்டுவைத்த தோலைப் பெயருக்காகச் சீவுவது எனக்கு ஒப்பவில்லை. பாகு திரட்டியவரும் ஊதியவரும் சூட்டோடு ஏந்தி ஓடிய சிறுவனும் இதில் பெயர் பொறிக்கவில்லை. பெட்டிக்குள் ஒரு சிறு அட்டை வைத்தால் போதும். லண்டன்டெரி புட்டி ஆலை, 1853–1921 என்று முதல் வரி. சீயத்தில் எந்தக் கரை, எந்த நாள் எடுத்தது என்பது இரண்டாவது. செதுக்கியவர் பெயர் மூன்றாவது வரியில்.